யாழ்ப்பாணக் குடாநாடு: கிணற்று நீரும் ஆழமில்லாக் கடலும்

இலங்கையின் வடமுனையிலுள்ள யாழ்ப்பாணத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டு. யாழ்ப்பாணம் உண்மையில் தீவா, குடாநாடா? ஆறும் இல்லாத, மலையும் இல்லாத இந்தச் சின்ன நிலத்துக்காக ஏன் இத்தனை பேர் சண்டை பிடித்தார்கள்? தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் பதில் தண்ணீரில்தான் இருக்கிறது. நிலத்துக்குக் கீழே மிதக்கும் நன்னீர் ஒன்று, நிலத்தைச் சுற்றிக் கிடக்கும் ஆழமில்லாத உப்புநீர் மற்றது. இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் குடாநாட்டின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

முதலில் தீவா, குடாநாடா என்பதைப் பார்ப்போம். பெரும்பாலானவர்கள் ஆனையிறவில்தான் குடாநாடு இலங்கையின் பெருநிலத்தோடு ஒட்டியிருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஏ9 வீதியும் புகையிரதப் பாதையும் அங்கேதான் போகின்றன என்பதால் அப்படித் தோன்றும். ஆனால் ஆனையிறவில் இருப்பது கடல்நீரேரியின் ஒடுங்கிய பகுதி ஒன்றுக்குக் குறுக்கே மனிதர் போட்ட அணைவீதி. இயற்கையான தரைத்தொடர்பு கிழக்கே சுண்டிக்குளத்தில் இருக்கிறது. ஒருபக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் நீரேரி, நடுவே ஒரு மணல் திட்டு, அவ்வளவுதான். மாரியில் கனகராயன் ஆறு தெற்கே வன்னிப் பெருநிலத்திலிருந்து வெள்ளத்தைக் கொண்டுவந்து ஆனையிறவு நீரேரியில் கொட்டும்போது, சுண்டிக்குளத்தில் அந்த மணல் திட்டு உடைத்துக்கொண்டு தண்ணீர் கடலுக்குப் பாயும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தைப் பெருநிலத்தோடு சேர்த்து வைத்திருப்பவை அணைகளும் பாலங்களும் மட்டுமே. ஆகவே குடாநாடு என்பது சரியான சொல்தான். ஆனால் அதைக் குடாநாடாக வைத்திருப்பது கல்லும் பாறையுமல்ல, மணல்.

உள்ளே போனால் குடாநாடு ஒரே துண்டும் அல்ல. மேற்கே வலிகாமம், வடகிழக்கே வடமராட்சி, தெற்கே தென்மராட்சி, அதற்கப்பால் ஆனையிறவை நோக்கி நீளும் பச்சிலைப்பள்ளி. இவற்றின் இடையே இரண்டு நீரேரிகள் உள்நுழைந்திருக்கின்றன. ஒன்று வடக்கே தொண்டைமானாற்றில் கடலைத் தொட்டு, வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் நடுவால் தென்கிழக்கே நீளும் வடமராட்சி நீரேரி. மற்றது அரியாலைக்கும் நாவற்குழிக்கும் இடையே தெற்குக் கடல்நீரேரியில் கலக்கும் உப்பாறு. அச்சுவேலிப் பக்கமிருந்து நெல்லியடிக்குப் போகிறவர்களுக்கு வல்லை வெளி தெரியும். மரமில்லை, வீடில்லை, காற்று ஆளைத் தள்ளும், இருமருங்கும் உவர்த்தரை. வலிகாமம் முடிந்து வடமராட்சி தொடங்குகிறது என்பதை வரைபடம் இல்லாமலே அந்த வெளி சொல்லிவிடும். மேற்கே வேலணை, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, எல்லாவற்றுக்கும் அப்பால் நெடுந்தீவு. வடக்கே பாக்கு நீரிணை. காங்கேசன்துறையிலிருந்து கோடியக்கரை ஐம்பது அறுபது கிலோமீற்றர் தூரம்தான். இங்கிருந்து கொழும்பு அதைப்போல ஆறேழு மடங்கு தொலைவு. இந்தத் தூரக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த மண்ணின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

இனித் தண்ணீர். குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆழம் குறைந்த கடலின் அடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய பாறை. அதன் மேலே பெரும்பாலான இடங்கள் கடல் மட்டத்திலிருந்து பத்து மீற்றர் உயரம் கூட இல்லை. இந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய. மழை பெய்தால் தண்ணீர் ஓடுவதில்லை, உள்ளே இறங்கிவிடும். இங்கே ஆறு உருவாகாததற்கு அதுதான் காரணம். மாரிகாலத்தில் வலிகாமத்தின் வெள்ளத்தை அராலிப் பக்கம் கொண்டுபோகும் வழுக்கையாறு ஒன்று உண்டு. கோடையில் அது வெறும் பள்ளம்.

உள்ளே இறங்கிய மழைநீர் எங்கே நிற்கிறது? கல்லின் ஆழத்தில் எல்லாப் பக்கமும் கடல்நீர் புகுந்திருக்கிறது. நன்னீர் அதைவிடப் பாரம் குறைவு என்பதால் அதன் மேலே மிதக்கிறது. நடுவில் தடித்து, கரைகளை நோக்கி மெலிந்துபோகும் ஒரு நன்னீர் வில்லை. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிலத்தடி நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம்தான் பயங்கரமானது. இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்புநீர் 40 அடி மேலே வர இடம் கொடுத்துவிடுகிறோம். குடாநாட்டு விவசாயி இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ஆனால் ‘அளவாக இறை, இல்லாவிட்டால் கிணறு உவராகிவிடும்’ என்பது அவருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

இந்த வில்லையைக் கண்ணால் பார்க்க விரும்பினால் புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக்குப் போங்கள். சுண்ணாம்புக்கல்லின் கூரை இடிந்து விழுந்ததால் திறந்த ஆழமான குழி அது. மேலே இருப்பது நன்னீர், கீழே போகப்போக உவர்ப்பு ஏறி, அடியில் கடல்நீர். அளவாக இறைத்தால் மட்டம் பழைய நிலைக்கே வந்துவிடும், ஏனென்றால் நீங்கள் இறைப்பது ஒரு கிணற்றையல்ல, சுற்றுவட்டாரப் பாறை முழுவதையும். நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். பழம் போனதோ இல்லையோ, நிலத்துக்குக் கீழே நீர் வழிகள் ஒன்றோடொன்று தொடுபடுகின்றன என்பதைக் கண்டுதான் அந்தக் கதையைக் கட்டியிருக்கிறார்கள். கீரிமலையில் அலை அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறி வருவதும் இதே ஏற்பாட்டின் மற்ற முனை. கரையில் வில்லை மெலிந்து முடிகிற இடத்தில் உள்ளேயிருந்து வரும் நன்னீர் வெளியே தள்ளப்படுகிறது.

மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான். மீதி ஒன்பது மாதமும் கிணறுதான் கதி. அப்படியிருந்தும் கோப்பாய், உரும்பிராய், திருநெல்வேலிச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்ததென்றால் அது துலா மிதித்தவர்களின் உழைப்பு. இப்போது மின்மோட்டர் காலத்தில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றடியில் உயரமாக நட்ட ஆடுகாலில் நீளமான துலாவைப் பொருத்தியிருப்பார்கள். விடியமுன்னமே ஒருவர் அந்தத் துலாவின் மேல் ஏறி, கையால் பக்கத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார். அவர் நடக்கும் பாரத்தில் தண்ணீர் அள்ளும் பட்டை இறங்கும், ஏறும். கிணற்று மிதியில் நிற்பவர் நிறைந்துவரும் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். மூன்றாமவர் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். மேலே நடப்பவர் கால் தவறினால் நேரே கிணற்றுக்குள். ஒரு கிணறு பல குடும்பங்களுக்குப் பங்காக இருக்கும், முறைநாள் வைத்து இறைப்பார்கள். காணி உறுதிகளில் நிலத்தின் அளவோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டது இதனால்தான். இங்கே நிலத்தின் விலை அதன் கிணற்றின் விலை.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

வலிகாமத்துக் கந்தரோடையில் 1910களின் பிற்பகுதியில் போல் பீரிஸ் அகழ்ந்தபோது உரோம நாணயங்கள் வரை கிடைத்தன. 1970 இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகக் குழு அங்கே மறுபடி தோண்டி, பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய மட்பாண்டங்களைக் கண்டது. 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஈமப் புதைகுழி ஒன்றில் எலும்புக்கூட்டோடு பிராமி எழுத்துப் பொறித்த ஒரு சிறு முத்திரை கிடைத்தது. வடமராட்சிக் கிழக்கில் வல்லிபுரத்தில் 1936 இல் கண்டெடுத்த பொன் ஏடு, அனுராதபுரத்து வசப மன்னன் காலத்தில் இந்தப் பகுதி நாகதீபம் என்ற பெயரில் நிருவகிக்கப்பட்டதைச் சொல்கிறது. பட்டியலாகப் பார்த்தால் இவை தொல்பொருட்கள். இடங்களை நிலப்படத்தில் வைத்துப் பாருங்கள், வேறொன்று தெரியும். நல்ல கிணற்றுநீரும், படகு வந்தடையக்கூடிய கரையோ நீரேரியோ கிட்டவும் இருக்கிற இடங்கள்தான் எல்லாமே. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே சனம் எங்கே குடியிருக்கலாம் என்று இந்த மண் தீர்மானித்துவிட்டது.

எனக்கு மிகப் பிடித்த சான்று நயினாதீவில் இருக்கிற கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, அதைத் தமிழில் வெட்டுவித்தான். விடயம் ஊராத்துறை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறை. வெளிநாட்டு வணிகர் அங்கே வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் அதில் கால் பங்குதான் அரச பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கே. மற்றப் பொருட்கள் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. குதிரைக்கு ஏன் சலுகை? படைக்குக் குதிரை வேண்டும், அது இலங்கையில் விளையாது, உடைந்தால் பெருநட்டம் என்று தெரிந்தால் வணிகன் வேறு துறைக்குப் போய்விடுவான். சிங்கள அரசன் ஒருவன் தன் துறைமுகச் சட்டத்தைத் தமிழில் எழுதுவித்ததை வெறும் மொழிச் செய்தியாக மட்டும் பார்க்கக் கூடாது. இந்த நீரிணையில் யார் கப்பலோட்டினார்கள், யார் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

13ஆம் நூற்றாண்டிலிருந்து ஆரியச்சக்கரவர்த்திகள் என்ற அரச மரபினர் இங்கே ஆண்டார்கள், நல்லூர் அவர்களின் தலைநகராக இருந்தது. நெல் குறைந்த நாடு எப்படி ஓர் இராச்சியத்தைத் தாங்கியது என்றால், அது நெல்லில் நிற்கவில்லை. மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பு, வன்னியிலிருந்து வந்த யானை, நீரிணையால் போகும் கப்பல் ஆகிய மூன்றும்தான் அதன் வருமானம். 1344 இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா இந்த மரபின் அரசன் ஒருவனைச் சந்தித்திருக்கிறார். அரசனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், தனக்கு முத்துக்களைப் பரிசாகக் கொடுத்தான் என்றும், சிவனொளிபாதமலைக்குப் போக ஆட்களைத் துணைக்கு அனுப்பினான் என்றும் எழுதுகிறார். பாரசீகம் பேசுகிற யாழ்ப்பாண மன்னன் என்பது நம்முடைய பாடப்புத்தகங்கள் வரைகிற படத்தில் இல்லாத ஒன்று. வணிகர்களின் மொழி அது. தெரியாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். இடையில் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் தெற்கே கோட்டை என்ற ஊரிலிருந்து ஆண்ட சிங்கள அரசின் சார்பில் செண்பகப்பெருமாள் படையெடுத்து வந்து சில ஆண்டுகள் ஆண்டான். அவன் தெற்கே திரும்பியபின் 1467 அளவில் கனகசூரிய சிங்கையாரியன் மறுபடி ஆட்சியைப் பிடித்தான்.

போர்த்துக்கேயரும் இதே மூன்று வருமானங்களுக்காகத்தான் வந்தார்கள். 1560 இல் நல்லூரைத் தாக்கிப் பிடித்தாலும் நிலைக்க முடியவில்லை, மன்னாரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1591 இல் மறுபடி வந்து அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தைத் தங்களுக்குக் கட்டுப்பட்டவனாக அமர்த்தினார்கள். 1619 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேரா யாழ்ப்பாண அரசன் இரண்டாம் சங்கிலியைப் பிடித்தான். சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1623 இல் கொல்லப்பட்டான். இராச்சியம் அதோடு முடிந்தது. நல்லூர்க் கோவில் 1621 இல் இடிக்கப்பட்டது.

அப்போது ஒலிவேரா செய்த இன்னொரு காரியம் குடாநாட்டின் படத்தையே மாற்றியது. தலைநகரை நல்லூரிலிருந்து நீரேரிக் கரைக்கு, இன்றைய யாழ்ப்பாண நகரமும் கோட்டையும் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனான். உள்நாட்டு அரசனுக்கு நல்ல கிணறும் தோட்டமும் சூழ்ந்த இடம் பாதுகாப்பு. கடல்வழி வந்தவனுக்குக் கப்பல் எட்டும் இடம்தான் பாதுகாப்பு. ஆனால் யாழ்ப்பாண நீரேரி ஆழமில்லாதது, பெரிய கப்பல் உள்ளே வராது. அவை ஊர்காவற்றுறையில் நங்கூரமிட வேண்டும், சரக்கு தோணியில் வர வேண்டும். அதனால் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் கட்டிய சின்னக் கோட்டை, நகரக் கோட்டையின் பூட்டாக இருந்தது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தபோது அதிலும் கைவைத்தார்கள். இரண்டு வார முற்றுகை, குடிதண்ணீருக்கு வழியில்லாமல் பண்ணியதும் கோட்டை பணிந்தது. நகரக் கோட்டை மூன்று மாதம் அளவில் தாக்குப்பிடித்து, ஜூன் 22 அன்று விழுந்தது. அந்தக் கடற்கோட்டையை இப்போது ஹம்மன்ஹீல் என்கிறோம்.

இன்று நாம் பார்க்கிற ஐந்துகோணக் கோட்டை ஒல்லாந்தர் கட்டியது. அதன் வெளி அரண்கள் 1792 இல்தான் முடிந்தன. 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் வந்தபோது சண்டை இல்லாமலே கையளிக்கப்பட்டது. கோட்டையைவிட ஒல்லாந்தர் விட்டுப்போனவற்றில் உயிரோடு இருப்பது தேசவழமை என்ற வழக்கச் சட்டம்தான். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி, இங்குள்ள முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து), பங்காளியின் வாங்கும் முதலுரிமை பற்றிய வழக்கங்களை எழுதித் தொகுக்க, பன்னிரண்டு முதலிமார், அதாவது உள்ளூர்த் தலைவர்கள், அதைச் சரிபார்த்தார்கள். அது 1707 இல். ஆங்கிலேயர் 1806 இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். இன்றும் யாழ்ப்பாணத்தில் பங்குக் காணி விற்கப் போகிறவர் முதலில் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும். கிணறு பங்கு, வாய்க்கால் பங்கு, வேலிக்கு அப்பால் உறவு என்று இருக்கும் ஊரில் முன்பின் தெரியாதவர் ஒருவர் திடீரென்று பங்காளியானால் என்ன நடக்கும் என்று யோசித்தால் அந்த விதியின் அருமை தெரியும்.

1816 இல் அமெரிக்க மிசன் வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல், உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824 இல். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மிசனின் கிறிஸ்தவப் பாடசாலைகளுக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தார் படிப்பில் கெட்டிக்காரர் என்று பெருமை பேசுவது சுகம்தான். ஆனால் அதற்குப் பின்னால் நிலமும் இருந்தது. தண்ணீர் அளவு, காணி அளவு, பிள்ளைகள் அதிகம். நாலாவது மகனுக்குப் பிரித்துக் கொடுக்கத் தோட்டம் இல்லை. ஆங்கிலம் படித்தால் கொழும்பிலோ மலாயாவிலோ வேலை கிடைத்தது. 1905 இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை புகையிரதம் வந்ததும் அந்தப் போக்கு இன்னும் கூடியது.

கடலை நம்பி நின்றவர்களும் இருந்தார்கள். வல்வெட்டித்துறையார் பாய்க்கப்பல் கட்டி இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் ஓட்டினார்கள். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிற செய்தி இது.

போர்க்காலத்தை நீட்டி எழுத இது இடமல்ல, புவியியலோடு பட்டதை மட்டும் சொல்கிறேன். 1990 இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின் சனம் முதலில் கொம்படி, ஊரியான் வழியாக நீரேரிச் சேற்றில் மாட்டுவண்டியும் சைக்கிளுமாகக் கடந்தது. அதுவும் முடியாமல் போக, கிளாலியில் இரவில் வள்ளம் ஏறியது. அந்தக் கடப்பில் உயிரிழந்தவர்கள் பலர். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, மழையில் அத்தனை பேரும் நாவற்குழிப் பாலத்தை நோக்கித்தான் போக வேண்டியிருந்தது. வலிகாமத்தையும் தென்மராட்சியையும் பிரிக்கிற உப்பாறு என்று மேலே ஒரு வரியில் எழுதினேனே, அந்த இடம்தான். 2000 ஏப்ரலில் ஆனையிறவு கைமாறியது, 2009 ஜனவரியில் மறுபடி கைமாறியது. ஒரு காலத்தில் யானைகளை ஓட்டி வந்த அதே ஆழமில்லாத நீர்வழிதான் இருபதாம் நூற்றாண்டிலும் தீர்மானகரமான வாசலாக நின்றது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி வழியாக மேற்கே இரண்டாவது தரைவழி ஒன்று கிடைத்திருக்கிறது.

இப்போது அந்த நன்னீர் வில்லை எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மோட்டர் வந்தபின் இறைப்பு அளவில்லாமல் போனது. துலாவில் மனிதனின் களைப்பே ஒரு கட்டுப்பாடாக இருந்தது, மோட்டருக்குக் களைப்பு இல்லை. கரையோரக் கிணறுகள் உவராகின்றன. உரமும் மலசலக்குழியும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றிவிட்டன. துவாரமுள்ள கல் மழையை வடிகட்டாமல் வாங்குவதைப்போல அழுக்கையும் அப்படியே வாங்கிவிடுகிறது. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது உதவும், தோட்டத்துக்கு அல்ல.

தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் உதவக்கூடியது வேறொன்று. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த, ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று அழைக்கப்படும் திட்டம். கனகராயன் ஆற்று வெள்ளம் சுண்டிக்குளத்தால் கடலுக்குப் போகாமல் அங்கே அணைகட்டி, ஆனையிறவு நீரேரியை நன்னீராக்க வேண்டும். அங்கிருந்து முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்கும், பிறகு உப்பாற்றுக்கும் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைக் கதவுகள் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும். நீரேரிகளில் நன்னீர் நின்றால் பக்கத்து நிலத்தடி வில்லை தானாகத் தடிக்கும். இந்த மண்ணின் இயல்பை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட திட்டம் வேறில்லை என்பது என் கருத்து. நீரேரி மீனவர்களின் தொழில் பாதிக்கப்படும் என்ற கவலை நியாயமானது, அவர்களோடு பேசித்தான் செய்ய வேண்டும். தடுப்பணைகள் கட்டப்பட்டன, கதவுகள் உக்கி, பிறகு திருத்தப்பட்டன. முள்ளியான் வாய்க்கால் தொடங்கப்பட்டு முடிக்கப்படவில்லை. ஒவ்வொரு மாரியிலும் சுண்டிக்குளம் உடைத்துக்கொண்டு, குடாநாடு கோடையில் ஏங்குகிற தண்ணீர் வங்காள விரிகுடாவில் கலந்துகொண்டிருக்கிறது.